தறி வீட்டில் மீன் தொட்டி

"கையை எடுங்க, மொதல்ல அதுக்குள்ள இருந்து கையை எடுங்க..."

"சும்மா இருடி, சாயம் போவுதா இல்லியான்னு..."

"மீனுக்கு இன்னா சாயம்? மீனுக்குப் போயி எவனாவது சாயம் போடுவானா?"

"மெட்ராஸ்காரன் போடுவான். கோழிக்குஞ்சுக்கே பச்சை, ரோசுன்னு சாயத்தப் போட்டு விக்கறவன் மீனை வுடுவானா? முந்தாநேத்து வரும்போது கருகருன்னு இருந்த வரி, இன்னிக்கு சாம்பலாட்டம் இருக்குது. சாயம் நிக்கல. அவ்ளோதான் விஷயம்."

"மொதலாளி வந்து கேட்டா இப்படியே சொல்லுவீங்களா?"

சம்பந்தம் வெள்ளைப் பட்டு நூலில் ஒரு சிறிய கற்றையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தான். பிழிந்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தான். சாயப்பட்டறையிலிருந்து நூல் வந்தால் அவன் முதலில் செய்யும் சோதனை அது. வேட்டி நனைந்தது. கறை விழவில்லை.

"சாயம் இல்ல," என்றான். குரல் இறங்கிவிட்டது.

அவன் மனைவி பூங்காவனம் தொட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள். சாயமாக இருந்தால் தப்பு மெட்ராஸ்காரன் தலையில் போயிருக்கும்.

மீன்கள் அவர்களுடையவை அல்ல. ஆரணியில் பாதித் தறிகளுக்கு நெடுக்கே ஓடும் பாவு நூலும் பட்டும் கொடுக்கிற ரங்கசாமி முதலாளியின் மகள் கற்பகம் வளர்ப்பவை. அவளுக்கு ஒன்பது வயது, பிறந்ததிலிருந்து நெஞ்சில் கோளாறு. வருகிற வெள்ளிக்கிழமை வேலூரில் ஆபரேஷன் என்று நாள் குறித்ததும் குடும்பமே வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது. போகிற வழியில் காரை நிறுத்தி, இந்தத் தொட்டியைச் சம்பந்தம் வீட்டில் இறக்கி வைத்தார் முதலாளி.

"சேலையும் பாப்பாவுக்காவ, மீனும் பாப்பாவோடது. ரெண்டும் ஒரே வூட்ல இருக்கட்டும்," என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. போன வருடம் அதே தெரு நெசவாளி வீரன் நெய்த முந்தியில் ஒரு இழை விட்டுப்போனதற்கு, உச்சி வெயிலில் ஆள் அனுப்பித் தறியிலிருந்து பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போனபோதும் அவர் பேசவில்லை. வீரன் இப்போது சந்தவாசல் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறான்.

சேலை என்பது சம்பந்தத்தின் தறியில் ஏறியிருந்த வேண்டுதல் சேலை. அதே ஆடி வெள்ளி விடியற்காலையில் படவேட்டு அம்மனுக்குச் சாத்த வேண்டியது. ஒன்பது கெஜம், அரக்குச் சிவப்பு, சாண் அகல ஜரிகைக் கரை. சம்பந்தத்தின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு கட்டு உண்டு. வேண்டுதல் சேலை தறியில் ஏறிவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது. செருப்புக் கால் உள்ளே வரக்கூடாது. அமாவாசை ஒரு நாள் தவிர, பொழுது விடிந்தால் தறி ஓடியே ஆகவேண்டும், அறுத்து இறக்குகிற வரைக்கும். விளக்கு வைத்தபின் அதைத் தொடக்கூடாது.

"விரத வூட்ல மீனு வந்து ஒக்காந்துகினு கீதே, கொழம்பா வறுவலா?" என்று பின்கட்டுச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டாள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள். தொட்டி வந்த அன்றைக்கு.

"வாயக் கழுவு கெங்கம்மா."

"தமாசுக்குச் சொன்னா கோவத்தப் பாரு. ஜாக்கிரதையா பாத்துக்க. அந்தப் பொண்ணு உசுரே அதுலதான் கீதுன்னு தெருவே பேசிகினு கீது."

அன்றைக்கு பூங்காவனம் சிரித்துவிட்டாள். சனிக்கிழமையான இன்றைக்கு, வெளிறிப்போன ஐந்து மீன்களும் தொட்டியின் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, அந்தப் பேச்சு காதுக்குள் வேறு மாதிரி கேட்டது.

*

சாயங்காலம் முதலாளியின் டிரைவர் முருகேசன் வந்தான். செருப்பை வாசலில் விட்டு உள்ளே காலை வைப்பதற்குள் சம்பந்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொட்டிமேல் போட்டான்.

"சம்பந்தண்ணே, பாப்பா கேட்டு அனுப்பிச்சுது. இருபதும் இருக்குதான்னு."

"இருபதா? அஞ்சிதானே குடுத்தீங்க?"

"மீனு அஞ்சிதான். ஒண்ணுக்கு நாலு வரி இல்ல? அஞ்சி நாலு இருபது. டெய்லி எண்ணிட்டுதான் படுக்கும். ஆஸ்பத்திரில தூக்கமே இல்ல. யாராவது போயி எண்ணிட்டு வாங்கன்னு ஒரே பேஜாரு."

"இருக்குது," என்றான் சம்பந்தம். "இருபதும் இருக்குதுன்னு சொல்லு."

பூங்காவனம் நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏண்ணே துண்டு போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

"கண்ணு பட்டுடப் போவுதுன்னு."

"அதுவும் சரிதான்." முருகேசன் தூணில் சாய்ந்துகொண்டான். "நல்லா பாத்துக்குங்க. மூர் மார்க்கெட்ல வாங்கும்போது நானும் கூட இருந்தேன். கடைக்காரன் படிச்சிப் படிச்சி சொன்னான். இது ரொம்ப பயந்த ஜாதியாம். எதையாவது பாத்து மெரண்டுச்சின்னா வரி அப்படியே மறைஞ்சிடுமாம். பயம் தெளிஞ்சா திரும்ப வந்துடும். தெளியலன்னா தீனி எடுக்காது, நாலஞ்சி நாள்ல போயிடும்னான். பாப்பா அதக் கேட்டுகினுதான் இருந்துச்சி. அன்னில இருந்து அதும் பக்கத்துல யாரும் சத்தமாக் கூடப் பேசக்கூடாது எங்க வூட்ல."

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள் பூங்காவனம்.

"பொய் சொல்லிட்டீங்க."

"வேற இன்னா சொல்லச் சொல்ற? நெஞ்சி சரியில்லாத பொண்ணுகிட்ட போயி வரியக் காணோம்னு சொல்லச் சொல்றியா?"

"இப்ப சொல்லல. நாளைக்கு?"

"நாளைக்குள்ள தெளிஞ்சிடும். எதப் பாத்து பயப்படுதுன்னு பாப்போம். பாத்து அத எடுத்துடுவோம்." சொல்லிவிட்டு அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ கட்டியிருக்கற சேலை எப்பவும் இதேதானா?"

"இன்னா சேலைக்கு?"

"ரத்தக் கலர்ல இருக்குது."

அவள் பழைய வெள்ளைப் புடவை ஒன்றைத் தேடி மாற்றிக்கொண்டு வந்தாள். மீன்கள் அசையவில்லை. அவளுடைய வளையல் சத்தம் என்றான். கழற்றினாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். பூனையைச் சாக்கில் பிடித்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தொட்டிப்பக்கமே வராதே என்று சொல்லிவிட்டான். அவள் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள், பின்கட்டிலேயே தார் சுற்றினாள். சுற்றிய தாரை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். தன் முகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அண்டாத் தண்ணீரில் ஒருமுறை குனிந்து பார்த்தாள். உண்மையாகவே தன்னால்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. கல்யாணமாகி மூன்று வருடமாக வயிறு திறக்காதவள் என்று தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு.

மீன்கள் போட்ட தீனியைத் தொடவில்லை. உடம்பின் மஞ்சள்கூட மங்கி, அலசி அலசி நைந்த துணி மாதிரி இருந்தன.

*

திங்கட்கிழமை அமாவாசை. ஆடி மாத அவசரத்தில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த தெருத் தறிகள் எல்லாம் நின்றன. சம்பந்தம் குளித்துவிட்டு வந்து தறிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினான். பிறகு அதே தட்டைத் தொட்டியின் முன்னாலும் மூன்று சுற்று சுற்றினான்.

மத்தியானம் அவன் கூப்பிட்ட கூப்பாட்டில் பூங்காவனம் சோற்றுக் கையோடு ஓடி வந்தாள்.

"பாரு, பாருடி, வந்துகினு இருக்குது!"

வயிற்றோரத்தில் மை தொட்டு வைத்த மாதிரி கருப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது ஐந்தும் தொட்டி முழுக்க ஓடித் திரிந்தன, மூக்கு நுனியில் குங்குமச் சிவப்போடு. அவள் எண்ணினாள். இருபது. இன்னொரு தடவை எண்ணினாள்.

"கற்பூரம் காட்டினேன், தெளிஞ்சிடுச்சி," என்றான் சம்பந்தம். தரையில் விழுந்து கும்பிட்டான். அன்றைக்கு வந்த முருகேசனிடம் துண்டை விலக்கி அவனே காட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் இறங்கி நெய்ய உட்கார்ந்தான். ஒன்பது அடிப்பதற்குள் ஒரு வரிகூட இல்லை.

கற்பூரம் காட்டினான். வேப்பிலை கட்டினான். பதினொரு மணிக்கு மறுபடியும் கற்பூரம். வீடெல்லாம் புகை. அவன் கண் சிவந்திருந்தது. பயத்தில் இன்னும் வேகமாக நெய்தான். ஊடு நூலோடு நாடா இங்குமங்கும் பறந்தது.

பூங்காவனம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தான். தொட்டித் தண்ணீர்மேல் ஒரு வளையம் எழுந்து விரிந்தது. அடித்தான். இன்னொரு வளையம். மூலையில் ஒட்டியிருந்த மீன்கள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை பின்னால் ஒடுங்கின. ஒரு இழை அறுந்து, அவன் குனிந்து முடிச்சுப் போடத் தொடங்கினான். தண்ணீர் அடங்கியது. ஒரு மீன் மெதுவாக மூலையை விட்டு வெளியே வந்தது. மறுபடி பலகை விழுந்தது. அது ஓடி ஒளிந்தது.

"ஏங்க, நிறுத்துங்க!"

"இன்னா?"

"அந்தச் சத்தம். அதுக்குத்தான் பயப்படுதுங்க."

"எந்தச் சத்தம்?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்ந்தவன். அந்தச் சத்தம் இருந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும், நின்றால் விழிப்பு வரும். அவளும் பெரணமல்லூரில் தறி வீட்டில் பிறந்தவள்தான். இந்த நிமிடம்வரை அவளும் அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டது. தரை வழியாக, பாதம் வழியாக, பல்வரைக்கும் வந்து இடித்தது. பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி, தெருக்கோடித் தறி எல்லாம் சேர்ந்து இடித்தன.

"தறி," என்றாள். "தறிங்க. அமாவாசைக்குத் தறி நின்னுச்சி, வரி வந்துச்சி. கற்பூரம் இல்ல."

அவன் குழியிலிருந்து எழுந்து வந்து தண்ணீரைப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அடிக்கு ஒரு சின்ன வளையம் ஓடியது.

"வேற வூட்டுக்குத் தூக்கினு போயிடலாம்," என்றாள் பூங்காவனம்.

"எந்த வூட்டுக்கு? இந்தத் தெருவுல தறி இல்லாத வூடு ஒண்ணு காட்டு."

"முருகேசன் கிட்ட சொல்லி, மொதலாளி வூட்டத் தொறந்து..."

"சொல்லி? இருபதும் இருக்குதுன்னு சொன்ன வாயால இன்னான்னு சொல்றது?"

"உண்மையச் சொல்லுவோம்."

"ஐயோ, புரியாமப் பேசாத." அவன் அவள் வாயைப் பொத்துகிற மாதிரி கையைக் கொண்டுவந்தான். "அம்மன் சேலை நெய்யற தறிதான் பாப்பாவோட மீனைக் கொல்லுதுன்னு வெளிய தெரிஞ்சா அந்தச் சேலையத் தொடுவாங்களா? வேண்டுதலே கெட்டுப்போச்சிம்பாங்க. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்ல ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா யாரச் சொல்லுவாங்க? வீரனுக்குப் பாவுதான் போச்சி. நம்மள ஊர்ல இருக்க வுடுவாங்களா?"

"அப்ப தறிய நிறுத்துங்க."

"நிறுத்தினா சேலை?"

அவள் பின்கட்டில் கிடந்த கோணிப்பைகளை இழுத்து வந்தாள்.

இரண்டு கோணிப்பையும் ஒரு பழைய மெத்தையும் மடித்துத் தொட்டிக்கு அடியில் கொடுத்தார்கள். வளையம் சிறுத்தது, நிற்கவில்லை. சம்பந்தம் பலகையை மெதுவாக, பூ வைக்கிற மாதிரி விட்டுப் பார்த்தான். நாலு விரல் நெய்ததும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அடி பலமில்லாத இடம் சல்லடை மாதிரி இளைத்து, குறுக்கே ஒரு கோடாகத் தெரிந்தது. அந்த நாலு விரலையும் இழை இழையாகப் பிரித்து எடுத்தான். பிறகு பலமாகவே அடித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, தொட்டிப்பக்கம் திரும்பாமல்.

புதன்கிழமை காலையில் ஒன்று மேலே மிதந்தது. பூங்காவனம் அதை வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். கெங்கம்மாள் பார்த்துவிடாமல் உட்கார்ந்தபடியே தோண்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் முருகேசன் வரவில்லை. விளக்கு வைத்து வெகுநேரம்வரை இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வந்தால் என்ன சொல்வது என்று இருந்த பயம், வராததால் வந்த பயத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி. சாயங்காலத்துக்குள் அறுத்து இறக்கிவிடலாம். சம்பந்தம் நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தபோது கார் சத்தம் கேட்டது.

முன்னால் முருகேசன் வந்தான். கண்ணாலேயே என்னவோ சொன்னான், புரியவில்லை. அவனுக்குப் பின்னால் ரங்கசாமி முதலாளி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. கற்பகம் காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி கம்பளி போர்த்தியிருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

"ரெண்டு நாளா தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல," என்றார் முதலாளி. "இவ இப்படி பயந்துகினு இருந்தா நாளைக்குப் பண்ண முடியாது, தள்ளிப் போடணும்னு டாக்டர் சொல்றாரு. தள்ளிப் போட்டா..." நிறுத்திக்கொண்டார். "மீனைப் பாத்துட்டா தெகிரியம் வரும்னா. பாத்துட்டு உடனே திரும்பணும். ஆறு மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும். சேலைய இன்னிக்கு ராவுக்கே படவேட்டுக்கு அனுப்பணும். ஆச்சா?"

"ஒரு முழம்... ஒரே ஒரு முழம் மொதலாளி," என்றான் சம்பந்தம். குழியிலிருந்து ஏறி வந்து நின்றான். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

முதலாளி மகளைத் தொட்டிக்கு முன்னால் பாயில் உட்கார வைத்தார். துண்டைக் கற்பகமே இழுத்தாள்.

தெருவில் தறிகள் இடித்துக்கொண்டிருந்தன.

"நாலுதான் இருக்குது," என்றாள்.

முதலாளி திரும்பிச் சம்பந்தத்தைப் பார்த்தார். அவன் கையைக் கூப்பினான். முருகேசன் பின்னால் ஒரு அடி நகர்ந்தான்.

"ஒரு வரி கூட இல்லப்பா."

"வேற வாங்கித் தரேம்மா. இதவிட நல்லதா, பத்து..."

"வேற வேணாம்." அவள் அழவில்லை. விரலால் கண்ணாடியைத் தொட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுச் சொன்னாள். "எனக்குத் தெரியும்பா. நாளைக்கு எனக்கு இன்னா ஆவும்னு இதுங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. அதான் பயந்துகினு இருக்குதுங்க. ஒண்ணு எனக்கு முன்னாடியே போயிடுச்சி. நான் ஆஸ்பத்திரிக்கு வரல."

முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டார்.

பூங்காவனம் பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். சம்பந்தம் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான், வேண்டாம், வேண்டாம் என்று. அவள் தொட்டிப்பக்கம் வந்து கற்பகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இல்ல பாப்பா. உன்னப் பத்தி இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வேலூரு தெரியாது, ஆஸ்பத்திரி தெரியாது. இதுங்க பயப்படறது எங்க தறியப் பாத்து."

"பூங்காவனம்!" என்றான் சம்பந்தம்.

"தறி அடிக்குது இல்ல, தண்ணி குலுங்குது. அந்தப் பயத்துலதான் வெளுத்துப் போயிடுச்சிங்க. அந்த ஒண்ணும் அதுலதான் செத்துச்சி. அது எங்களால. உன்னால இல்ல."

"அம்மன் சேலை நெய்யறீங்களே, அந்தத் தறியா?" கற்பகம் கேட்டாள்.

"அதேதான்."

"பொய். எனக்காவ சொல்றீங்க."

"அமாவாசைக்குத் தறி நிறுத்தினோம். மத்தியானத்துக்கே கருப்பு எறங்கிடுச்சி, சாயங்காலம் இருபதும் இருந்துச்சி. முருகேசனே பாத்தான். கேளு."

"ஆமாம் பாப்பா," என்றான் முருகேசன். "நான் பாத்தேன்."

கற்பகம் தொட்டியைப் பார்த்தாள். தறியைப் பார்த்தாள். "அப்ப இப்ப நிறுத்தினா, நான் போறதுக்குள்ள வருமா?"

"இந்த நெலமையில தொட்டியத் தூக்கிக் குலுக்கினா மிச்சமும் போயிடும். எங்க தறி நின்னு, அக்கம்பக்கத்துலயும் கேட்டு நிறுத்திட்டா, நாலஞ்சி மணி நேரத்துல வரும் பாப்பா. நீ இங்கயே ஒக்காந்து கண்ணால பாக்கலாம்."

தறியில் அரக்குச் சிவப்புச் சேலை வெயில் பட்டு மின்னியது. முந்தியின் கடைசி ஒரு முழம் வெறும் பாவாகக் கிடந்தது. ரங்கசாமி முதலாளி அதைப் பார்த்தார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. மகளைப் பார்த்தார். மறுபடி தறியைப் பார்த்தார். அவர் உதடு என்னவோ முணுமுணுத்தது, அம்மன் பேராக இருக்கலாம். கடன் கேட்க வந்தவர்கள், பாவு கேட்க வந்தவர்கள் எல்லோரும் பயந்த அந்த முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இப்படி வெளுத்த முகத்தோடு அவரை அந்தத் தெரு பார்த்ததே கிடையாது.

சம்பந்தம் தறிக்குழியின் விளிம்பில், இறங்கவும் தெரியாமல் விலகவும் தெரியாமல் நின்றான்.

பூங்காவனம் எழுந்து நின்றாள். முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அம்மனுக்கு ஒரு முழம் பாக்கி இருக்குது, வெளக்கு வைக்கறதுக்குள்ள முடிக்கணும். பாப்பா இங்க ஒக்காந்திருக்குது. நீங்களே சொல்லுங்க மொதலாளி, தறி ஓடட்டுமா, நிக்கட்டுமா?"